ஆரஞ்சுப் பட்டை

விடிந்தும் விடியாத நேரம். மண்டபத்தின் பின்வாசலில் லாரிக் கதவு இறங்கிய சத்தத்தில் கூரைப் புறாக்கள் அலறியடித்துப் பறந்தன. இரும்புக் கம்பங்கள் தோள்களில் ஏறின. மேடைப் பலகை, கேபிள் சுருள், விளக்குப் பெட்டி, நாற்காலி அடுக்கு என்று அன்றைய மாநாடு மொத்தமும் மனிதர்களின் முதுகிலேறி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பனியில் ஊறிய இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. "பாத்து, பாத்து, தலை!" என்ற குரலும் மூச்சிரைப்பும் தவிர வேறு பேச்சில்லை. கம்பத்தை நிமிர்த்தும்போது வழக்கமாக ஒருவன் எதையாவது கோணலாகப் பாடி எல்லோரையும் சிரிக்க வைப்பான். அவன் அன்றைக்கு வரவில்லை.

ஏணி உச்சியில் நின்று மேடையின் பின்திரையை மடிப்பு மடிப்பாகக் குத்திக்கொண்டிருந்தாள் குண்டூசி அக்கா. பாடுகிறவன் அவளுடைய தம்பி. மணிக்கட்டில் ஊசித் திண்டு கட்டியிருந்தாலும், கைக்கு வாகாக நாலைந்து ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்வது அவள் பழக்கம். வாயில் ஊசி இருந்தால் பேச முடியாது. அதனாலேயே முதலாளிக்கு அவளை மிகவும் பிடிக்கும். "வேலை செய்யறவங்கன்னா இப்படி இருக்கணும், வாயே திறக்க மாட்டாங்க" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டிச் சொல்வார்.

முதலாளிக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் பல்வரிசை. திறப்பு விழாவிலும் அதே சிரிப்பு, இரங்கல் கூட்டத்திலும் அதே சிரிப்பு. கூலியைக் குறைக்கும்போது மட்டும் இரண்டு பல் கூடுதலாகத் தெரியும். அன்றைக்கு நடந்தது விழா நடத்தும் கம்பெனிகளே கூடி நடத்திக்கொண்ட மாநாடு. 'வெற்றிகரமான நிகழ்ச்சி: தொடக்கம் முதல் முடிவு வரை' என்ற தலைப்பில் பேசப் போகிறவர் அவர்தான். தொடக்கத்தையும் முடிவையும் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. நடுவில் வந்து மாலை வாங்கிக்கொண்டு போவார்.

போன வாரம் வேறொரு விழா. விளக்குக் கோபுரத்தில் ஏறுவதற்காகத் தம்பி இடுப்பில் பாதுகாப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றான். கம்பெனிப் பட்டைகள் எல்லாமே பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். கீழே ஒத்திகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதற்காகவே பல்வரிசையும் வந்திருந்தார். "அந்த ஆரஞ்சு கண்ணை உறுத்துது, படமே அசிங்கமாகுது, எல்லாரையும் கழட்டச் சொல்லு" என்றார் பல்வரிசை. மேஸ்திரி பட்டைகளை வாங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். தம்பி ஏறினான், விழுந்தான். படம் மட்டும் நன்றாக வந்தது.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தால் நடப்பான், தள்ளிப் போட்டால் ஆயுசுக்கும் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையில் விழுந்தவன் என்று கம்பெனி ஒரு வார்த்தை சொன்னால் போதும், செலவு கம்பெனியுடையது. பல்வரிசை சொன்ன வார்த்தை வேறு. "தண்ணியைப் போட்டுட்டு அவனா ஏறினான்" என்றார். பீடிகூடப் பிடிக்காதவன் அவன்.

"கீழ வாம்மா."

ஏணிக்கடியில் பல்வரிசை நின்றிருந்தார். புதுக் கோட்டு, புதுச் செருப்பு, பழைய சிரிப்பு. அவள் ஊசிகளைத் திண்டில் குத்திவிட்டு இறங்கினாள்.

"பேச்சு முடியும்போது உங்க எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடுவேன். நாமெல்லாம் ஒரே குடும்பம்னு காட்டணும். அப்ப நீ மைக்ல ரெண்டு வார்த்தை சொல்லிடு."

"என்ன வார்த்தை சார்?"

"என் தம்பி அவசரப்பட்டு அவனாவே ஏறி விழுந்துட்டான், ஆனாலும் கம்பெனி எங்களைக் கைவிடலை. அவ்வளவுதான். கொஞ்சம் கண்ணு கலங்கினா இன்னும் நல்லாருக்கும்."

"பட்டையைக் கழட்டச் சொன்னது நீங்கதானே சார்?"

சிரிப்பு அசையவில்லை. "யார் சொன்னா, யார் கழட்டினான்னு நாம பேசிக்கிட்டே இருந்தா உன் தம்பி படுத்துக்கிட்டேதான் இருப்பான். நீ சொல்லு, சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன். அவன் நடக்கணுமா, வேண்டாமா?"

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கட்டிலில் அசையாமல் கிடந்த தம்பியின் கால்கள் நினைவுக்கு வந்தன. விழுங்கிக்கொண்டாள்.

தேநீர் நேரத்தில் மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சொல்லித் தொலைச்சிடு அக்கா. பய எழுந்து நடக்கட்டும்."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பாக்கலைன்னு சொல்லிட்டேன். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு."

"ஒரு ஆணி கோணலா இருந்தா ஒரு மைலுக்கு அந்தாண்ட இருந்து பாத்துடுவீங்க. அன்னைக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சாக்கும்."

மேஸ்திரி தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மாநாடு தொடங்கியது. ஆட்கள் எல்லோருக்கும் முதுகில் 'ஒரே குடும்பம்' என்று அச்சடித்த வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தார்கள். குடும்பத்துக்கு உட்கார நாற்காலி மட்டும் கிடையாது. பல்வரிசை பேசினார். நிகழ்ச்சி ஒரு குழந்தை மாதிரி என்றார். நான் தூங்கியே பல நாளாயிற்று என்றார். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் வேதவாக்கைக் கேட்டதுபோல் குறித்துக்கொண்டார்கள். "பாதுகாப்புதான் என் மூச்சு" என்று சொல்லி, ஆட்களை மேடைக்கு அழைத்து, பெரிய திரையில் ஒரு படத்தை வரவழைத்தார்.

போன வாரத்துப் படம். விளக்குக் கோபுரத்தின் உச்சியில் ஒருவன் கைநீட்டி விளக்கைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். வாய் திறந்திருக்கிறது. பாடிக்கொண்டிருந்திருப்பான். கண்ணை உறுத்துகிற நிறம் எதுவும் அவன் இடுப்பில் இல்லை.

"எங்க உழைப்பாளி எவ்வளவு உயரத்துல நிக்கறார் பாருங்க!" என்றார் பல்வரிசை. "இதோ, அவரோட அக்கா பேசுவாங்க."

மைக் அவள் முகத்துக்கு வந்தது. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை நொறுக்கியதும் இல்லாமல், நொறுங்கியவனைக் காட்டிப் பேர் வாங்குகிறான் இவன். பொய் சொல்லி இவனிடம் வாங்குகிற காலில் தம்பி எப்படி நிற்பான்? மணிக்கட்டுத் திண்டிலிருந்து ஊசிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதட்டில் கவ்விக்கொண்டாள். பிறகு அப்படியே நின்றாள்.

மண்டபம் காத்திருந்தது. "பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார் பல்வரிசை. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலேயே தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மண்டபம் காலியானதும் பல்வரிசை பல்லைக் கடித்தார். "ஊமைக் கோட்டானா நீ? ரெண்டு வார்த்தை சொல்ல வலிக்குதா? போனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, போ. ம், எல்லாத்தையும் கழட்டுங்க. சாயங்காலம் இங்க வேற கம்பெனி விருந்து. மண்டபத்தைக் காலி பண்ணிக் குடுக்கலைன்னா மண்டபக்காரன் இனிமே வாசல்லயே நிறுத்திடுவான் நம்மள."

யாரும் நகரவில்லை. மேஸ்திரி மட்டும் போனார். மேடையோரம் கிடந்த இரும்புப் பெட்டியின் பூட்டைத் திறந்து ஒரு பட்டையை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"கட்டிக்கிட்டாவது ஏறு, சீக்கிரம்!"

"ஏறலை சார்." மேஸ்திரி மேடைக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு நீங்க கழட்டச் சொன்னீங்க, நான்தான் வாங்கிப் பூட்டினேன். நான் பாத்தேன். எந்த ஆஸ்பத்திரியில வேணும்னாலும் வந்து சொல்றேன்."

ஒவ்வொருவராகப் பெட்டியிடம் போனார்கள். விளக்குக்காரர், பலகை தூக்குகிறவர்கள், லாரி டிரைவர். ஆரஞ்சுப் பட்டைகள் 'ஒரே குடும்பம்' சட்டைமேல் ஏறின. கட்டியவர்கள் மேஸ்திரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குண்டூசி அக்கா கடைசிப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"இப்ப பேசறேன் சார். போன் போட்டு, வேலையிலதான் விழுந்தான்னு உள்ளதைச் சொல்லுங்க. அவனை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்கன்னு தகவல் வரட்டும். அதுவரைக்கும் இந்த மேடை இங்கயேதான் நிக்கும். நாங்க இல்லாம உங்க நிகழ்ச்சி முடியாது சார்."

"வெளியாளை விட்டுக் கழட்டுவேன்டி!"

"விடுங்க."

அப்போதுதான் சாயங்கால விருந்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவர்கள் கூடைகளோடு பின்வாசலில் நுழைந்தார்கள். பல்வரிசையின் முகத்தில் பல் திரும்பி வந்தது. "வாங்கப்பா, வாங்க! இதையெல்லாம் கழட்டிக் குடுங்க, கேட்ட கூலி தரேன்."

முன்னால் வந்த பூக்காரர் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே மேடையைப் பார்த்தார். "என்னம்மா, எல்லாரும் உக்காந்துட்டீங்க?"

"என் தம்பி மேலருந்து விழுந்துட்டான் அண்ணே. இவரு பட்டையைக் கழட்டச் சொன்னாரு. இப்ப அவனைக் குடிகாரன்ங்கறாரு."

"எது, பாடிக்கிட்டே ஏறுவானே, அந்தப் பையனா? அவனா குடிகாரன்?"

பூக்காரர் பல்வரிசையை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு மேடையேறினார். அவருடைய ஆட்களும் ஏறினார்கள்.

"அந்தப் பட்டை இன்னும் இருக்கா?"

பெட்டி காலி. குண்டூசி அக்கா அவர் கூடையைப் பார்த்தாள். ஆரஞ்சு நிறப் பூக்கள் ததும்பிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து, கையிலிருந்த ஊசியால் அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேராகக் குத்தினாள்.

கீழே மாநாட்டுக்கு வந்திருந்த புகைப்படக்காரர் கேமராவை உயர்த்தினார். "எடுக்காதே!" என்று கத்தினார் பல்வரிசை. கையில் போன் இருந்தது. இன்னும் யாரையும் அழைக்கவில்லை. மேடை முழுவதும் கண்ணை உறுத்தியது.

குண்டூசி அக்கா திண்டிலிருந்து அடுத்த ஊசியை உருவினாள். அடுத்த ஆள் வந்து நெஞ்சைக் காட்டி நின்றார்.