மாமனார் வாயில் ஒரு தெரு

பல் செட் செய்கிறவனுக்குப் போர் எதற்கு என்று எல்லாரும் அவனைக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனும் அவனைப் போன்ற சிலரும் ஒரு மாடி அறையில் கூடி, கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை மேசைமேல் நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். எல்லாரும் பிள்ளை குட்டிக்காரர்கள். அவன் படை ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் அவன் சிப்பாய்களின் காலடித் தரைக்கு அந்த அறையே அடிமை. ஒவ்வொரு சிப்பாய்க்குக் கீழேயும் ஒரு துண்டு நகரம் இருக்கும்: பெயர்ந்த நடைபாதை, சரிந்த செங்கல், எண்ணெய் படிந்த தெருவோரம். எல்லாம் அவன் வேலை செய்யும் லேபில் மிஞ்சிய பிளாஸ்டர்தான். செட் செய்து கொடுத்த பிறகு பொக்கை வாய்களின் அச்சுகளை யாரும் கேட்பதில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். உடைத்தால் இடிபாடு, செதுக்கினால் தெரு.

அதே வீட்டில் இருந்த மாமனாருக்கு இதெல்லாம் ஆகாது. பெரிய அலுவலகத்தில் பலரை நிற்கவைத்தே பேசி ஓய்வு பெற்றவர். மருமகனை மாப்பிள்ளை என்று வாய்தவறிக்கூட அழைத்ததில்லை. "பொம்மைக்காரர் சாப்பிட்டாராமா?" என்று மகளிடம்தான் கேட்பார், அவன் எதிரிலேயே.

போன வருடம் ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில் தலைமையுரைக்கு எழுந்து, "பெரியோர்களே" என்று அவர் அழுத்திச் சொன்ன வேகத்தில் மேல் செட் கழன்று செயலாளர் மடியில் விழுந்தது. செயலாளர் அதை எடுத்து, துடைத்து, சபை நடுவே திருப்பிக் கொடுத்தார். இந்த வருடமும் தலைமையுரை இவருக்குத்தான். மறுபடி விழுந்தால் சங்கத்தை விட்டே விலகுவேன் என்று அறிவித்துவிட்டார். விலகினால் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார். மகளும் மருமகனும் அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

புது செட்டுக்காகப் பல் மருத்துவர் அச்செடுத்தார். பசை தொண்டைக்கு இறங்கிய ஆத்திரத்தில் மாமனார் வெறும் ஈறாலேயே அவர் விரலைக் கடித்துவைத்தார். "இனிமே இந்த வாய்க்குள்ள என் கை போகாது" என்று சொல்லிவிட்டு, மருத்துவர் அச்சை மருமகனின் லேபுக்கே அனுப்பினார்.

அந்த வாரம் அவன் தன் படைத் தளபதிக்குத் தரை செய்துகொண்டிருந்தான். பைக்குள் கைவிட்டதும் ஒரு மேல்வாய் அச்சு வந்தது. அபாரமான வாய். அண்ணம் அகலமாக விரிந்து கிடக்க, ஈறு அதைச் சுற்றி இடிந்த மதிலாக நின்றது. ஊசியால் கல் கல்லாகக் கோடு கிழித்துத் தெரு பாவினான். நடுவில் ஒரு சாக்கடை மூடி. இப்படி ஒரு மூடி அவனுக்கு இதுவரை அமைந்ததே இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்பா பல்லு என்ன ஆச்சு?"

"அச்சு லேப்ல மேசைமேலதான் இருக்கு. நாளைக்கு..." அவன் முடிக்கவில்லை. மேசைமேல் இருந்ததையெல்லாம் அப்படியே வழித்துப் பையில் போட்டது ஞாபகம் வந்தது. கையிலிருந்ததைத் திருப்பினான். அடியில் அவன் எழுத்திலேயே 'மாமா' என்றிருந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். "எங்கப்பா வாய்க்குள்ள சாக்கடை வெட்டியிருக்கீங்க" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போனாள்.

கோடுகளைச் சுரண்டினால் அளவு கெடும். தவிர, அந்த மூடியை அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் அச்சுக்கு இன்னொரு பிளாஸ்டர் நகல் எடுத்து, நகலில் இருந்த கோடுகளை மெழுகால் அடைத்து வழவழப்பாக்கினான். அதன்மேல் செட்டை அமைத்து வெந்நீரில் வேகவைத்தான். வெந்நீரில் மெழுகு உருகும் என்பது அவன் தொழிலில் அரிச்சுவடி. பதற்றத்தில் அதுவே மறந்துவிட்டது. திறந்து பார்த்தால் செட்டின் உட்பக்கம் முழுக்கத் தெரு, மூடி உள்பட. மறுநாள் கூட்டம். கூரான விளிம்புகளை மட்டும் தேய்த்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

கூட்டத்தில் அவன் வாசல் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தான், ஓடத் தோதாக. மேடையில் செயலாளர் மடியில் கைக்குட்டையை விரித்துத் தயாராக இருந்தார்.

"பெரியோர்களே." செட் அசையவில்லை. "தாய்மார்களே." அப்போதும் அசையவில்லை. மேடாகப் பதிந்திருந்த கோடுகள் அண்ணத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. அதற்குப் பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. செயலாளரின் குறைகளைப் பற்றியே வெகுநேரம் பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் செட்டைக் கழற்றிக் கழுவியவர் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டார். மருமகனைக் கூப்பிட்டார்.

"இது என்னது?"

"தெரு, மாமா."

"இந்த வட்டம்?"

நல்ல பொய்யாக ஒன்று தேடினான். கிடைக்கவில்லை. "சாக்கடை மூடி."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"என் வாய் அச்சு எங்க?"

அவன் போய்த் தளபதியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தன் அண்ணத்தின்மேல் காலை அகட்டி, துப்பாக்கியை நீட்டி நிற்கும் கட்டைவிரல் மனிதனை உற்றுப் பார்த்தார். மருமகன் மனசுக்குள் மூட்டை முடிச்சைக் கட்டத் தொடங்கிவிட்டான்.

"என் வாய்மேல நிக்கிறது யாரு?"

"தளபதி, மாமா."

"இவருக்கு மேல யாரும் உண்டா?"

"இல்ல. படையில இவர்தான் எல்லாருக்கும் மேல."

மாமனார் செட்டை மாட்டி, ஒருமுறை கடித்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இருக்கட்டும், மாப்பிள்ளை" என்றார். "சிப்பாய் எவனையும் ஏத்திடாதீங்க."