விற்கப்பட்ட விசில்

வாருங்கள், வந்து இந்த அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள். ஒரு பெண்ணின் விசில் விற்கப்பட்டுவிட்டது. ஆலையை விற்றார்கள், ஆற்றோர நிலத்தை விற்றார்கள் என்று கேட்டுக் கேட்டு மரத்துப்போன காதுகளே, இதையும் கேளுங்கள். இரண்டு விரல்களை வாயில் வைத்து, நாக்கை மடித்து, மூச்சை இழுத்து ஒரு தையற்கடைக்காரப் பெண் எழுப்பிய ஓசை, அவருக்கே தெரியாமல் ஒரு கால்பந்து அணியிடமிருந்து எதிரணிக்குக் கைமாறிவிட்டது. பதிலுக்கு வந்தவை ஒரு தடுப்பாட்டக்காரரும், ஓடும் நிலையிலுள்ள இரண்டு புல்வெட்டும் இயந்திரங்களும்.

அந்தப் பெண்ணை ஊரே விசிலக்கா என்றுதான் அழைக்கும். செவ்வாய்க்கிழமை நண்பகல், வாயில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ஒரு கால்சட்டையின் விளிம்பை அவர் மடித்துக்கொண்டிருந்தபோது, கோட்டு அணிந்த இளைஞர் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். ஆலை அணியைப் போன மாதம் விலைக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ் கம்பெனியின் ஒருங்கிணைப்பு அதிகாரி அவர்.

“வாழ்த்துகள் மேடம். உங்களை ட்ரான்ஸ்ஃபர் பண்ணியிருக்கோம்.”

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் குத்தினார். “என் கடையிலேருந்து என்னை ட்ரான்ஸ்ஃபர் பண்ண நீங்க யாருங்க?”

“கடையிலேருந்து இல்ல மேடம். ஸ்டேடியத்துல. சனிக்கிழமையிலேருந்து நீங்க துறைமுக அணிக்கு விசில் அடிக்கணும்.”

“தம்பி, முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க. தோள்ல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. அதைச் சரி பண்ணித் தர்றேன். அப்புறம் நீங்க சொன்னதை நிதானமா இன்னொரு தடவை சொல்லுங்க.”

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இளைஞர் அதையே மீண்டும் சொன்னார். நிதானமாகச் சொன்னபோது அது இன்னும் மோசமாக ஒலித்தது.

நடந்தது இதுதான். பதினைந்து வயதில், கிழக்கு மேடையின் உச்சிப் படியில் நின்று அக்கா முதன்முதலாக விசிலடித்தபோது, “பொம்பளைப் புள்ள விசிலடிச்சா வீடு விளங்குமா?” என்று சீறாதவர் ஊரில் இல்லை. பெரியம்மா வாயில் சூடு வைப்பதாக மிரட்டினார். தலைமையாசிரியர் பெற்றோரை அழைத்துவரச் சொன்னார். வசை பாடிய வாய்களெல்லாம் களைத்துப் போயின. அக்காவின் வாய் களைக்கவில்லை. ஆண்டுகள் உருண்டோட, அந்த விசில் ஆலை அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரராகவே ஆகிவிட்டது. அணியில் கட்டையன் என்றொருவர் இடது ஓரத்தில் ஓடுவார். குட்டை மனிதர், மலைபோல் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கு அப்பால் இருப்பது அவருக்குத் தெரியாது. உச்சிப் படியிலிருந்து பார்க்கும் அக்காவுக்குத் தெரியும். எதிரணிக் காவலில் ஓட்டை விழுந்த நொடியில் விசில் பறக்கும்; கட்டையன் தலை தூக்காமல் ஓடுவார்.

இதில் சட்டம் எங்கே நுழைந்தது? பதிவேட்டின் வழியாக நுழைந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடையிலிருந்து உருண்ட பெரிய முரசு ஒன்று எல்லைக்கோட்டு நடுவரின் முதுகில் போய் நின்றது. அன்றிலிருந்து ஓசைக் கருவி கொண்டுவருபவர் எவராயினும் வாசலில் சத்தப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று விதி வந்தது. வாசற்காவலர் விதியென்றால் விதி என்று நிற்பவர். “கருவி இல்லாம அவ்வளவு சத்தம் எப்படிம்மா வரும்? எழுதுங்க,” என்றார். அக்காவும் சிரித்துக்கொண்டே ‘கருவி: இரண்டு விரல்’ என்று எழுதினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்த நேரம், போன நேரம், கையொப்பம். ஊர் சிரித்த அந்த வேடிக்கையைக் கம்பெனி வக்கீல்கள் சிரிக்காமல் படித்தார்கள். நேரம் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஒரு நாள்கூடத் தவறாத கையொப்பம் இருக்கிறது. இது தொழிலாளியின் வருகைப் பதிவேடு அல்லாமல் வேறென்ன என்று தீர்ப்பெழுதி, அக்காவைக் கம்பெனி உடைமைகளின் பட்டியலில் சேர்த்து, அடுத்த வாரமே துறைமுக அணிக்குத் தள்ளிவிட்டார்கள்.

எந்த விசிலுக்காக ஒரு பெண்ணின் வாயில் சூடு வைக்கத் துடித்தார்களோ, அதே விசிலுக்கு இன்று உரிமைப் பத்திரம்!

அன்று மாலை வீட்டில் அக்காவின் தம்பி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் பளுதூக்கும் கிரேன் ஓட்டுபவர். பிறந்ததிலிருந்து துறைமுக அணியின் பக்கம். மடியில் ஒரு நீலச் சட்டை.

“வாக்கா, வா. உனக்காக எக்ஸ்ட்ரா லார்ஜ் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன். சனிக்கிழமை என் பக்கத்து சீட்டு.”

“அந்தச் சட்டையால தையல் மிஷினைத் துடைக்கிறேன், வை.”

“முப்பது வருஷமா என் காதைக் கிழிச்ச விசில். இனிமே எனக்காகக் கிழியும். என்ன மாமா, கரெக்ட்டா?”

மாமா, அதாவது அக்காவின் கணவர், ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர். தரையில் அமர்ந்து யாரோ ஒருவருடைய ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அந்தக் கம்பெனியா? மூணாவது வருஷம் கம்ப்ரசர் போயிடும்,” என்றார். எந்தப் பேச்சானாலும் அவர் சுற்றிவளைத்து வந்து நிற்கும் இடம் அதுதான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “பேசாம வீட்டிலேயே இருந்துடேன். விசிலடிக்கலைன்னா தூக்கிட்டா போயிடுவாங்க?”

“சனிக்கிழமை துறைமுகத்துக்கிட்ட நம்ம பசங்க தோத்தா கீழ் டிவிஷனுக்குப் போயிடுவாங்க. கட்டையன் எதைக் கேட்டு ஓடுவான்? நான் வாயை மூடிக்கிட்டா அவங்களுக்கு அதைவிட வேறென்ன வேணும்? என் விசில் யாருக்குன்னு நான்தாங்க சொல்லணும். என் பெரியம்மாவே சொல்ல முடியல. ஒரு ஃப்ரிட்ஜ் சொல்லுமா?”

தம்பி நீலச் சட்டையை மெதுவாக மடித்து வைத்தார். பெரியம்மாவை அவரும் அறிவார்.

வியாழக்கிழமை அக்கா கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போனார். ஏழாவது மாடி. வரவேற்பறையில் பேனா மை உறையும் குளிர். சட்டப் பிரிவு அம்மையார் இரண்டு ஸ்வெட்டர் அணிந்து, கையுறையோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அக்கா உட்காரும் முன்பே ஒருவர் வந்து அவருடைய இரு விரல்களையும் அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டு போனார்.

“அளவெடுக்கிறது என் வேலைங்க,” என்றார் அக்கா.

“ஒப்படைக்கும்போது அதே நீளத்துல ஒப்படைக்கணும் மேடம். ஒரு ஆட்டத்துக்கு முப்பது விசில். கோல் விழுந்தா அது தனி,” என்றார் அம்மையார்.

“நான் கையெழுத்துப் போட்டது முரசு உருளக் கூடாதுன்னு. வேலைக்குன்னு யாரும் சொல்லல. எனக்கு இதுல ஆட்சேபணை இருக்கு. யார்கிட்ட சொல்லணும்?”

“குறை கேட்கும் குழுகிட்ட. ஆனா அந்தக் குழுவைப் போன வாரம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்குக் குடுத்துட்டோம். அவங்க இப்போ பிஸ்கட் சம்பந்தமான குறையை மட்டும்தான் கேப்பாங்க.”

“சரி. உங்க பிஸ்கட் நமுத்துப் போச்சு, அதோட என் விசிலையும் வித்துட்டீங்கன்னு எழுதித் தரட்டுமா?”

“முதல் பாதிக்கு ஆறு வாரத்துல பதில் வரும்,” என்றார் அம்மையார். குரலில் கேலியில்லை, குளிர்தான் இருந்தது. “ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. ஆலை அணிக்காக ஒரே ஒரு விசில் அடிச்சாலும், அடுத்தவங்க சொத்தை அனுமதியில்லாம உபயோகிச்சதா ஆகும்.”

தன் வாயைத் தான் திறந்தால் திருட்டு! இதைக் கேட்டுவிட்டு அக்கா ஏழு மாடியும் படியிறங்கியே போனார்.

சனிக்கிழமை வந்தது. அக்காவை நீலச் சட்டைகள் நிறைந்த மேற்கு மேடைக்கு அழைத்துச் சென்று தம்பியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மறுபக்கம் ஒருங்கிணைப்பு அதிகாரி, கையில் எண்ணும் பொறியோடு. கோட்டின் தோள் இப்போது கச்சிதமாக இருந்தது. எதிரே கிழக்கு மேடையில், உச்சிப் படியில் ஓர் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

ஆட்டம் தொடங்கிப் பத்தாம் நிமிடம் துறைமுக அணி கோல் போட்டது. மேற்கு மேடை எழுந்து ஆடியது. அக்கா ஆடவில்லை.

“மேடம், கோலுக்குத் தனி விசில்,” என்று அதிகாரி நினைவூட்டினார்.

“பல்லுல நூல் மாட்டியிருக்கு.”

பதினெட்டாம் நிமிடம், முப்பத்தோராம் நிமிடம், நாற்பதாம் நிமிடம் என மும்முறை துறைமுகக் காவலில் ஓட்டை விழுந்தது. மும்முறையும் கட்டையன் இடது ஓரத்தில் நின்றபடி கிழக்கு மேடையின் உச்சியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டை மூடிக்கொண்டது. அக்கா இரு விரல்களையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். எண்ணும் பொறி பூஜ்யத்திலேயே நின்றது.

இடைவேளையில் ஒலிபெருக்கி கரகரத்தது. “ஒரு மகிழ்ச்சியான செய்தி. சற்று முன்னர் நமது ஃப்ரிட்ஜ் நிறுவனம் துறைமுக அணியையும் வாங்கிவிட்டது. இன்று யார் வென்றாலும் வெற்றி நமக்கே!”

மேற்கு மேடை பாதிக் கைதட்டலில் நின்றுபோனது. தம்பியின் வாய் திறந்தது, மூடவில்லை.

“அக்கா... அப்போ நான் யாரு ஆளு?”

“என்கிட்ட கேக்கறியே. உன்கூட சேர்த்து உன் எக்ஸ்ட்ரா லார்ஜையும் வாங்கிட்டாங்கடா.”

அதிகாரியின் கைபேசி ஒலித்தது. கேட்டு முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மேடம், நீங்க மறுபடி எங்ககிட்டயே வந்துட்டீங்க. ரெண்டு அணியும் ஒண்ணுதான், அதனால இனிமே எந்த அணிக்கும் அடிக்க வேண்டாமாம்.”

“அப்போ யாருக்கு அடிக்கணும்?”

அவர் கையால் காட்டினார். புல்வெளியின் நடுவட்டத்துக்கு ஆறு பேர் ஒரு ஃப்ரிட்ஜை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஆள் உயரத்துக்கு இரு மடங்கு. தலையில் ரிப்பன். கம்பெனித் தலைவரே நேரில் வந்து கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை, ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. பதினெட்டாயிரம் பேர் அந்த விளக்கைப் பார்த்தார்கள்.

“இப்போ அடிங்க மேடம்! தலைவர் காத்துக்கிட்டிருக்கார்.”

அக்கா எழுந்து நின்றார். இரண்டு விரல்களையும் உயர்த்தினார். கம்பெனித் தலைவர் புன்னகையோடு கைகூப்பினார். ஆனால் அக்கா அந்த விரல்களைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினார்.

“வாயைத் திறந்தபடியேதானே இருக்கே, அப்படியே இரு. நாக்கை உள்ள மடி. நுனி மேல படக் கூடாது. ரெண்டு விரலை வெச்சு அழுத்து. உதட்டைப் பல்லு மேல இழு. ம், ஊது.”

முதலில் வந்தது காற்று. அடுத்து எச்சில். மூன்றாவது முறை ஒரு கீச்சொலி கிளம்பியது. நாற்பது வயது மனிதர் பிறந்த குழந்தைபோல் திடுக்கிட்டார். முன்வரிசையில் ஒரு தபால்காரப் பெண் திரும்பி, “எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா. எங்கம்மா என்னை அடிக்கவே விட்டதில்லை,” என்றார். அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ். அவருடைய நாத்தனார். ஒரு வங்கிக் காசாளர், பொய்ப் பல்லைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வந்து நின்றார். அக்கா படிப்படியாக ஏறி இறங்கி நாக்குகளை மடிக்கக் கற்றுக்கொடுத்தார். தன் வாயால் ஓர் ஓசைகூட எழுப்பவில்லை.

“மேடம், இதெல்லாம் யாரோட விசில்? நான் எதுல எண்ணுறது?” என்று அதிகாரி பின்னாலேயே ஓடினார்.

“அவங்கவங்களைக் கேட்டு எழுதிக்குங்க தம்பி.”

பிற்பாதி தொடங்கியபோது மேற்கு மேடை முழுதும் விரலும் வாயுமாக இருந்தது. அக்கா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மைதானத்தை விட்டு எடுக்காமல் நின்றார். எழுபத்தாறாம் நிமிடம் காவல் பிளந்தது. தோளில் ஓர் அடி. தம்பி ஊதினார். எந்த அணிக்கு எதிராக ஆயுள் முழுதும் ஊளையிட்டாரோ அந்த அணிக்காகவே ஊதினார். இரு அணியும் ஒரே ஃப்ரிட்ஜுக்குப் போன பிறகு அவருக்கு மிஞ்சியது அக்காவின் பக்கம்தான். தபால்காரப் பெண் ஊதினார், நர்ஸ் ஊதினார், நாத்தனார் ஊதினார், நாலாயிரம் வாய்கள் ஊதின. தப்பான மேடையிலிருந்து வந்தால் என்ன? கட்டையனுக்கு அது போதும். தலை தூக்காமல் ஓடினார். பந்து கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டு வலைக்குள் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. ஆலை அணி மேல் டிவிஷனிலேயே தங்கியது.

இத்துடன் நியாயம் வென்றது என்று கைகழுவிவிட்டு எழுந்து போகிறவர்களே, சற்று நில்லுங்கள். திங்கட்கிழமை காலை அக்காவின் கடைக்கு அடுத்த கடிதம் வந்தது. அந்த நாலாயிரம் விசில்களும் கம்பெனியின் உடைமை ஒன்று அளித்த பயிற்சியால் விளைந்தவையாம். ஆகவே அவையும் கம்பெனிக்கே சொந்தமாம். வருகிற சனிக்கிழமை மொத்தமாக வேறொரு நாட்டு அணிக்கு விற்கப்படுமாம். அக்கா கடிதத்தைப் படித்தார். கணவரிடம் காட்டினார். “கம்ப்ரசர்...” என்று அவர் ஆரம்பித்தார். அக்கா மிஷினை மூடிவிட்டுக் கடை வாசலில் பலகை ஒன்றை மாட்டினார்: ‘தையல் மாலையில். காலையில் விசில் வகுப்பு. யாரும் வரலாம்.’

நாலாயிரத்தை விலை பேசத் தெரிந்தவர்கள் நாலு கோடியை எப்படிப் பேசுவார்கள், அதையும் பார்த்துவிடுவோம். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இந்தத் தாளைக் கீழே வையுங்கள். உங்கள் தாயை, தமக்கையை, மகளை, அத்தையைப் பக்கத்தில் அழையுங்கள். வாயை மூடு என்று அவர்களிடம் சொன்னவரையும் கூடவே அழையுங்கள். இரண்டு விரல்களை எடுங்கள், நாக்கை மடியுங்கள், மூச்சை நெஞ்சு நிறைய இழுங்கள். நீங்கள் நேசிக்கும் அணிக்காக, எவரும் கேட்டுக்கொள்ளாமல், எவரிடமும் கேட்காமல், இப்போதே ஊதுங்கள்!