கோழியின் முகம்

கழுத்து வலி காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. தலையில் சட்டி இல்லாத நாளில்தான் அது அதிகம் வலிக்கும். சுமை இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு கிடக்கிற எலும்பு, சும்மா உட்கார்ந்தால் வம்புக்கு வந்துவிடும். மகள் வாங்கிக் கொடுத்த கழுத்துத் தலையணையை மாட்டிக்கொண்டு காரின் பின் இருக்கையில் அடித்து வைத்த முளை மாதிரி உட்கார்ந்திருந்தாள் சித்தாள். தலையணை வலியைக் குறைக்கவில்லை. தலையைத் திருப்ப விடாமல் செய்தது, அவ்வளவுதான்.

வீடுகளுக்குத் தளம் போடும் கூட்டத்தில் காங்கிரீட் சுமக்கிறவள் அவள். மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். "நீயும் நாலு இடம் பாக்க வேணாமாம்மா" என்று மகள்தான் அடம்பிடித்து அழைத்து வந்திருந்தாள். மருமகன் வண்டி ஓட்டினார். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது எல்லாம் மகளின் கைபேசியில் இருந்தது. நாலு நட்சத்திரத்துக்குக் குறைந்த இடத்தை அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

சாலையோரம் ஒரு பலகை வந்தது. பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. "மாபெரும் அதிசயம். தவற விடாதீர்."

"இங்கதான் கோழி வரும்" என்றாள் சித்தாள்.

"என்ன கோழி?"

"சிமெண்ட்டுக் கோழிடி. ரெண்டு மாடி ஒசரம் இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கைபேசியைத் தேய்த்தாள். "கோழின்னு எதுவும் இல்ல. ஏதோ சிமெண்ட்டுப் பூங்கான்னு இருக்கு. ரெண்டு ஸ்டார். 'போகாதீங்க'ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. 'கழிப்பறை சுத்தம்'னு இன்னொருத்தர்."

"அப்ப அதுக்காவது நிறுத்தலாம்" என்றார் மருமகன்.

"நீங்க ரோட்டப் பாருங்க."

அந்தக் கோழியைச் சித்தாள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் பார்த்ததெல்லாம் முதுகைத்தான். தளம் போடப் போகும் லாரியில் முன்பக்கம் மிக்சர் மிஷினும் சிமெண்ட் மூட்டையும் அடைத்துக்கொள்ளும். ஆட்களுக்கு வால்பக்கம்தான் இடம், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி. அதனால் எதுவும் அவர்களுக்கு எதிரே வராது. மரம், கடை, பாலம் எல்லாமே தாண்டிய பிறகுதான் கண்ணில் படும், அதுவும் விலகிப் போய்க்கொண்டே. குண்டு உடம்பும் தூக்கி நிற்கும் வாலுமாக அது தெரிந்ததும், "கோழி வந்துடுச்சு, சும்மாட்டைக் கட்டுங்கடி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். வேலை ஆரம்பித்துவிட்டால் தளம் முடியும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நின்றால் தளம் ஒட்டாது. அதனால் விடிந்ததும் வேலையைத் தொடங்கியாக வேண்டும், வழியில் எதற்காகவும் லாரி நிற்காது. திரும்பும்போது இருட்டிவிடும். தார்ப்பாய்க்கு அடியில் பிணம் மாதிரி தூங்கிக்கொண்டு வருவார்கள்.

"அத முன்னாடி நின்னு பாக்கணும்" என்றாள் சித்தாள்.

"ஏம்மா, வருஷம் பூரா சிமெண்ட்டுலயே கெடக்கிற. லீவுலயும் அதத்தான் பாக்கணுமா?"

"நீ வருஷம் பூரா நம்பர்லயே கெடக்கிற. லீவுல எதுக்கு ஸ்டாரை எண்ணிக்கிட்டு வர?"

மருமகன் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

"நாலு மணிக்குக் கடைசிப் படகும்மா. அடியில கண்ணாடி பதிச்ச படகு. கீழ மீன் ஓடறது தெரியும். இந்தப் பயணத்துல எனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் உனக்காகத்தான்."

உனக்காக. அந்தச் சொல் சித்தாளுக்குச் சுருக்கென்றது. அவளுக்காகத்தான் நேற்று படங்கள் தொங்கும் மண்டபத்துக்குப் போனார்கள். தொடாதே, பேசாதே, தள்ளி நில் என்று அங்கே ஒரு காவலாளி அவள் பின்னாலேயே நடந்தான். அவளுக்காகத்தான் மேசையில் வைத்திருந்த துணியை மடியில் விரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எல்லாம் நல்ல இடங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கே போகலாம் என்று அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறக்கச் சொன்ன இடத்தில் இறங்கினாள், ஏறச் சொன்னபோது ஏறினாள். லாரியிலும் அப்படித்தான், அதற்குக் கூலியாவது உண்டு.

"உனக்காகன்னு சொல்றியே, எனக்கு என்ன வேணும்னு..." என்று மகள் பக்கம் முழு உடம்பையும் திருப்பிச் சண்டைக்கு ஆயத்தமானபோதே, ஜன்னலில் ஏதோ பெரிய நிழல் அடித்துவிட்டுப் போனது. தலையணையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுப் பின்கண்ணாடியில் பார்த்தாள். குண்டு உடம்பு, தூக்கிய வால். மறுபடியும் முதுகு.

"மாப்ள, வண்டிய நிறுத்துங்க."

"அம்மா, சின்னப் புள்ள மாதிரி..."

"நிறுத்துங்க மாப்ள. இல்லன்னா ஓடற வண்டியிலேருந்து எறங்குவேன். எனக்குப் பழக்கந்தான்."

வண்டி நின்றது. சித்தாள் இறங்கி, வந்த வழியே நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சும்மாடு இல்லாத தலைக்கு வெயில் புதிது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கார் ரிவர்ஸில் முனகிக்கொண்டு வரும் சத்தமும், "இப்படிப் பின்னாடி போனா போலீஸ் பிடிப்பான்" என்று மகள் மருமகனைக் கரித்துக்கொட்டுவதும் கேட்டது. வரட்டும். வராவிட்டாலும் போகட்டும்.

முன்னால் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது கோழி இல்லை. திமிங்கிலம்.

கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத பொட்டல் காட்டில், வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிமெண்ட்டுத் திமிங்கிலம். உதட்டுக்குச் சிவப்புச் சாயம். கண்ணுக்கு மேலே கம்பியில் வளைத்த இமைமயிர். தலையில் ஒரு தொப்பி வேறு. சித்தாளுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாய்க்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டிக்கெட்காரர் பத்திரிகையை இறக்கினார். "எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா உள்ள வர மாட்டாங்க. வெளிய நின்னு படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"நான் வரேங்க" என்று இடுப்புப் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே நீல விளக்குகளில் பாதி எரியவில்லை. கூரையிலிருந்து பிளாஸ்டிக் மீன்கள் தொங்கின. ஒன்றுக்கு வால் போன இடத்தில் டேப் சுற்றியிருந்தது. ஸ்பீக்கரில் அலைச் சத்தம் வந்தது, நடுநடுவே யாரோ தும்மும் சத்தமும். சுவரைத் தடவினாள். பூச்சு படுமோசம், கையில் மணல் உதிர்ந்தது. யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. நாக்கு மாதிரி கட்டியிருந்த திட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, கூட்டத்தில் தன்னோடு சட்டி தூக்கும் ரேடியோவுக்குப் போன் போட்டாள். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

"ஏய் ரேடியோ, அது கோழி இல்லடி. திமிங்கிலம்."

மிக்சர் இரைச்சலுக்கு மேலே ரேடியோ கத்தினாள். "வெயில்ல மண்டை கிண்டை கொழம்பிப் போச்சா? கோழி கோழிதாண்டி."

"அது வாய்க்குள்ள உக்காந்துதான் பேசறேன்."

"அப்ப கோழி வாய்க்குள்ள உக்காந்திருக்க."

"பல்லு இருக்குடி."

"கோழிக்கு வயசானா மொளைக்கும். போன வையி, மேஸ்திரி மொறைக்கிறான்."

சிரித்து முடித்து நிமிர்ந்தபோது மகள் எதிரே நின்றிருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். டேப் சுற்றிய மீனையும் பார்த்தாள்.

"இதுக்காம்மா?"

"இதுக்குத்தான்."

"நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்ல. பூச்சு சரியில்ல, விளக்கு சரியில்ல. ரெண்டு ஸ்டாரே அதிகம்" என்றாள் சித்தாள். "அந்த மண்டபம் நல்லா இருந்துச்சு, அது நீ பாத்து வச்சது. இது நல்லா இல்லங்கறத நானே வந்து பாத்துக்கிட்டேன். அடுத்த தடவையும் நல்லா இல்லாத எடமாத்தான் பாத்து எறங்குவேன். நீ வேணும்னா கார்லயே உக்காரு."

மகள் சித்தாளுக்குப் பக்கத்தில், நாக்கின் நுனியில் உட்கார்ந்தாள். கைபேசியில் மணி பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"படகு?" என்றாள் சித்தாள்.

"போயிடுச்சும்மா. இனி போனாலும் பிடிக்க முடியாது. நாளைக்கு ஊருக்குக் கெளம்பறோம்." மகள் குரலை உயர்த்தவில்லை. "ஸ்கூல்ல அந்தப் படகுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் போனாங்க. அன்னிக்கு உனக்குத் தளம் போடற வேலை, தம்பிய யார்கிட்டயும் விட முடியாதுன்னு என்ன வீட்டுல இருக்க வச்ச. அடியில என்ன தெரியும்னு கூடப் படிச்சவளுங்க சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான்."

சித்தாளுக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. எவ்வளவு துழாவியும் வரவில்லை. அவள் போட்ட எல்லாத் தளமும் ஒன்று போலத்தான் இருந்தது. மகளுக்கு அது மட்டும் தனியாக இருந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் இறங்கியதற்கு அவள் வருந்தவில்லை. வருந்தாமல் கேட்கிற மன்னிப்பு மணல் அதிகம் போட்ட கலவை, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் எறங்குனது எறங்குனதுதான். அதுக்கு வருத்தமில்ல. ஆனா அன்னிக்கும் நாந்தான் உன்ன அனுப்பல, இன்னிக்கும் என்னாலதான் போச்சு. உனக்கு ஒரு படகு பாக்கி வச்சிருக்கேன்."

"எப்பத் தருவ?"

"தெரியல. கூட்டத்துல லீவு கேட்டா மேஸ்திரி அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

மகள் தலையை ஆட்டினாள். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வெளியே மருமகன் கழிப்பறையிலிருந்து வந்து, உண்மையிலேயே சுத்தமாக இருக்கிறது என்று டிக்கெட்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊருக்குத் திரும்பினார்கள். அதற்கடுத்த நாள் சித்தாள் லாரியின் வால்பக்கம் ஏறினாள். மகளுக்கு ஒரு படகுச் சவாரி தர வேண்டும். இன்னும் தரவில்லை.