டச்சஸ் எடை கூடிக்கொண்டே போகிறாள்

ஃபெர்கஸ் பள்ளிக்கூடத்துச் சமையல்காரன். ஹெலன்ஸ்பரோ என்ற கடற்கரை ஊரில் முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவன். திரும்பி வரும் தட்டைப் பார்த்தே எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகிறதென்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான். அப்பேர்ப்பட்டவனை ஒரு மலைப்பாம்பு சட்டை செய்யவில்லை.

பாம்பு மனைவி ஷோனாவுடையது. டச்சஸ் என்று பெயர். ஷோனா கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் இன்ஜினியர். நாலு வருஷமாகக் கரையில் வேலை பார்த்தவளை, கல்யாணமான ஏழாவது மாதம், அக்டோபர் நடுவில், மறுபடி கடலுக்கடிக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அவசரத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். வாரம் ஒரு எலி. ஞாயிறு எடை. பாம்புத் தொட்டியின் சூடான மூலை முப்பத்திரண்டு டிகிரி. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"இவளையும் அப்பாவையும் பாத்துக்க. வாரா வாரம் இவ எடைய எழுது" என்றாள் வாசலில்.

நீர்மூழ்கியில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து வாரம் ஒரு கடிதம் போகும். நூற்றிருபது சொல்லுக்குள் எழுத வேண்டும். அங்கிருந்து பதில் வராது. கப்பல் எங்கே இருக்கிறதென்றே யாருக்கும் தெரியக்கூடாது. கெட்ட செய்தி எழுதினால் கடற்படை ஆபீஸிலேயே நிறுத்திவிடுவார்கள். பெற்றவர்கள் செத்தாலும் கரைக்கு வந்த பிறகு சொன்னால் போதும் என்று ஷோனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அந்த ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். மளிகைக் கடையில்கூட அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதல் எலியை டச்சஸ் விழுங்கினாள். இரண்டாவதை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் மரப்பட்டைக் கூட்டுக்குள் திரும்பிப் போய்விட்டாள். ஃபெர்கஸ் அசரவில்லை. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த எலியை வெந்நீரில் போட்டு, வெப்பமானி வைத்து, உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினான். இல்லை. சின்ன எலி, பெரிய எலி, கறுப்பு எலி, எதுவும் இல்லை. கோழிச் சாறில் தோய்த்துக்கூடக் காட்டினான். பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டது.

ஷோனாவின் அப்பா டூகல் இரண்டு தெரு தள்ளி இருந்தார். போன வருஷம் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்த மனிதர்; ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தினமும் வந்துவிடுவார். பாம்பு இருக்கும் அறை வாசலைத் தாண்டமாட்டார்.

"என்னப்பா, உன் சமையல் அதுக்கும் பிடிக்கலையா?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க டூகல். ஐம்பது கிராம் குறைஞ்சிருக்கு."

"இந்த வாரம் அவளுக்கு என்ன எழுதப்போற?"

ஃபெர்கஸ் ஃபிரிட்ஜ் கதவுத் தாளைப் பார்த்தான். ஷோனா கிளம்பும்போது டச்சஸின் எடை ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம். சமையலறைத் தராசில் இப்போது ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. பாம்பு பட்டினி கிடக்கிறதென்று எழுதினால் ஆபீஸ்காரன் கடிதத்தையே நிறுத்திவிட்டால்? கடிதம் வராமல் அவள் என்ன நினைப்பாள்? நிறுத்தாமல் அனுப்பிவிட்டாலும், கடலுக்கடியில் இருந்துகொண்டு அவளால் என்னதான் செய்ய முடியும்? ஆகவே முதல் வாரத்திலிருந்து எழுதிவந்தபடியே, வாரத்துக்கு இருபது கிராம் கூட்டி எழுதினான். ஒரு பொய்க்கு இருபது கிராம் அதிகமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. 'டச்சஸ் எடை கூடிக்கொண்டே போகிறாள். அப்பா சௌக்கியம். நான் சௌக்கியம்.'

ஆனால் பயம் தூங்கவிடவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை என்று பாம்பைத் தூக்கி எடை போட்டான். தொட்டியை வாரத்துக்கு இரண்டு முறை கழுவினான். மரப்பட்டைக் கூட்டை எடுத்துவிட்டுப் புதிதாகக் கண்ணாடிக் கூடு வாங்கி வைத்தான், உள்ளே என்ன செய்கிறதென்று பார்க்க. டிசம்பரில் தாங்காமல், ஒரு கூடையில் சுடுநீர்ப் புட்டியோடு அவளைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளாஸ்கோவுக்குக் கால்நடை மருத்துவரிடம் போனான்.

டாக்டர் இஷ்பெல் பாம்பின் வாயைத் திறந்து பார்த்தாள், முதுகெலும்பைத் தடவிப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"பாம்பு நல்லாத்தான் இருக்கு. உங்களைத்தான் பாக்கச் சகிக்கல. தினம் ரெண்டு தடவ தூக்குவீங்களா? கண்ணாடிக் கூடா? உங்கள யாராவது கட்டிலோட கண்ணாடிப் பொட்டியில வச்சு, நாளைக்கு ரெண்டு தடவ தூக்கிப் பாத்தா நீங்க சாப்பிடுவீங்களா?"

"அப்ப நான்தான் காரணமா?"

"பாதி. மீதி குளிர்காலம். இந்த ஜாதி பாம்பு மூணு மாசம், நாலு மாசம் சாப்பிடாது. பழைய கூட்ட வைங்க. எலிய ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் காட்டுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. எடை மாசம் ஒரு தடவ போதும்." கூடையை மூடிக்கொண்டே கேட்டாள்: "வளக்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமே. உங்க மனைவி சொல்லலையா?"

ஷோனா சொல்லவில்லை. அந்தக் கேள்வியை ஃபெர்கஸ் இன்னும் கொஞ்சம் நேரம் யோசித்திருக்கலாம். பாம்பு சாகாது என்ற சந்தோஷத்தில் ரயிலில் இரண்டு சாண்ட்விச் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். கடிதத்தில் மட்டும் எடை ஏறிக்கொண்டிருந்தது. ஏறினதை இனி எப்படி இறக்குவது? ஜனவரிக் கடைசியில் டச்சஸ் கடிதத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. தராசில் ஆயிரத்து நானூற்று எண்பது.

கப்பல் வந்த அன்று ஃபெர்கஸ் அடுப்பில் மாட்டிறைச்சி ரோஸ்ட் வைத்திருந்தான். அது கருகாமல் பார்த்துக்கொள்ள டூகலை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் கடற்படைத் தளத்து வாசலுக்குப் போனான். சமையல்காரன் புத்தி. மழை தூறிக்கொண்டிருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் ஓடிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஷோனா பையோடு வந்தவள், அவனுக்குப் பின்னால் பார்த்தாள், காருக்குள் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

"எப்போ?" என்றாள்.

"எப்போன்னா?"

"அப்பா எப்போ போனார்? சொல்லிடு. நான் தாங்கிப்பேன்."

ஃபெர்கஸுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "அவர் வீட்டுல ரோஸ்ட் பாத்துக்கிட்டு இருக்கார், ஷோனா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. இந்தா, போன் பண்ணு."

அவனே எண்ணைத் தட்டி அவள் கையில் கொடுத்தான். மறுமுனையில் டூகல், "ஏம்ப்பா, இது எப்போ இறக்கணும்? புகை வருது!" என்று கத்தினார். ஷோனா போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"குளிர்காலத்துல டச்சஸ் வாயத் தொறக்கமாட்டா" என்றாள். "வருஷா வருஷம் அப்படித்தான். சொல்ல மறந்துட்டேன். நவம்பர்ல நீ எடை கூடுதுன்னு எழுதின. ஒரு வாரம்னா சரி, தராசு கோளாறுன்னு நெனச்சேன். வாரா வாரம் சரியா இருபது கிராம். அப்போ பொய்னு தெரிஞ்சது. அதுக்கு அடுத்த வரி 'அப்பா சௌக்கியம்.' அத மட்டும் எப்படி நம்புறது?"

"எழுதியாவது கேட்டிருக்…" என்று ஆரம்பித்து, அவன் நிறுத்திக்கொண்டான். எங்கிருந்து எழுதுவாள்.

"ஒன்பது வாரம்" என்றாள் அவள். "ராத்திரி படுத்தா அடக்கத்துக்கு யார் யார் வந்திருப்பாங்கன்னு யோசிப்பேன்."

வீட்டில் ரோஸ்ட் ஒரு பக்கம் கருகியிருந்தது. டூகல் மகளைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கையை எடுக்காமலே, "என்னம்மா, எலும்பு குத்துது" என்றார். ஷோனா நேராகப் பாம்பறைக்குப் போய் டச்சஸை எடுத்துத் தராசில் வைத்தாள். "நூத்தி அறுபது கிராம்தான் குறைஞ்சிருக்கா. ஒண்ணுமில்ல" என்று சொல்லி, ஃபிரிட்ஜ் தாளில் உண்மையான எண்ணை எழுதினாள்.

"அத விடு. நீ குளியலறைத் தராசுல ஏறு" என்றார் டூகல்.

அவள் மறுத்தாள். அவர் விடவில்லை. முள் நின்ற இடத்தை ஃபெர்கஸ் குனிந்து பார்த்தான். ஏழு கிலோ குறைந்திருந்தாள். முந்நூறு தட்டைப் பார்த்துப் பிள்ளைகளின் உடம்பு சொல்கிறவன், ஒன்பது வாரம் ஒருத்தியின் சாப்பாட்டைத் தன் கையால் எழுதியே பறித்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, அழுதான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரோஸ்டில் கருகாத பக்கத்தை வெட்டி, உருளைக்கிழங்கோடு அவள் முன்னால் வைத்தான். சாப்பிடு என்று சொல்லவில்லை. தட்டையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முள்கரண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தான்.