நாலு அண்ணைமார்

நான் பொய்க்காரியாம். அகதி விசாரிக்கிற கந்தோரால பதின்மூண்டு பக்கம் டொச்சில, அதுதான் ஜேர்மன் பாஷையில, எழுதி அனுப்பியிருந்தினம். வின்டர்தூரில இருக்கிற என்ர லோயர் பிள்ளை வேணுகாதான் அதைப் படிச்சுச் சொன்னா. இஞ்சையே பிறந்த பிள்ளை. தமிழ் கொஞ்சம் தடக்கும், எண்டாலும் நல்ல மூளை.

“கலாவதி அன்ரி, முதல் விசாரணையில நாலு சகோதரர் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். ரெண்டாவதில ஒருத்தரும் இல்லை எண்டிருக்கிறீங்கள். அதால உங்கட கதையை நம்பேலாதாம். நம்பினாலும், ஊரில உங்களைப் பாக்க நாலு பேர் இருக்கினமாம், திரும்பிப் போகட்டாம்.”

எனக்கு விசர் வந்திட்டுது. நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. காணாமல் போன என்ர மனுசன்ர படத்தைக் கையில வைச்சுக்கொண்டு ஊரில ரோட்டில நிண்டு நியாயம் கேட்டதுக்கு சிஐடி என்னைத் தேடி வந்தவங்கள். திரும்பிப் போனா எயர்போட்டிலேயே பிடிப்பாங்கள். அதைச் சொல்ல வந்தவளிட்ட அண்ணன் தம்பிக் கணக்குக் கேக்கினம்.

அப்பீலுக்கு முப்பது நாள். இருபது நாள் போயிட்டுது. அந்த நாலு பேர் ஆர் எண்டு ரெண்டு பேருக்கும் பிடிபடேல்லை.

அண்டைக்கு அவவோட பஸ்ஸில போனன். ஓட்டினவர் எங்கட ஆள். இறங்கேக்க, “அண்ணை, போட்டு வாறன்” எண்டன்.

“உங்கட சொந்தமோ?” வேணுகா கேட்டா.

“இல்லை, ஆரெண்டே தெரியாது.”

“பிறகேன் அண்ணை எண்டனீங்கள்?”

“வேற என்னெண்டு கூப்பிடுறது? டேய் எண்டோ?”

பிள்ளை அப்பிடியே நிண்டிட்டா. பஸ் தரிப்பிலேயே பைலைத் திறந்து வாசிக்கத் தொடங்கினா. சிஐடி வருது எண்டு சொன்ன சகோதரன். அது சந்திக் கடை அண்ணை. சைக்கிளில ஏத்திக்கொண்டு போன சகோதரன். அந்த மனுசன் என்ர பேரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை, வேர்க்க வேர்க்க ஆறு கட்டை தூரம் மிதிச்சவர். மூண்டாவது ஓட்டோ அண்ணை. நாலாவது, காசைக் கறந்துபோட்டு என்னை இஞ்ச அனுப்பின ஏஜென்சி அண்ணை. அந்தக் கள்ளனையும் எனக்குச் சகோதரனாக்கிப்போட்டினம்.

“கையெழுத்துக்கு முதல் திருப்பி வாசிச்சுக் காட்டினவை தானே அன்ரி?”

“ஓம். மொழிபெயர்த்த பிள்ளை தமிழில அண்ணை எண்டுதான் வாசிச்சவ. சரி எண்டு வைச்சிட்டன்.”

டொச்சில எழுதினது ‘ப்ரூடர்’, கூடப்பிறந்தவன்; தமிழில வாசிச்சது அண்ணை. வேணுகா நெத்தியில அடிச்சா. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவ அதையெல்லாம் எழுதி அப்பீல் போட்டா. ஏழு மாசம் நான் கடிதப் பெட்டியைப் பாத்துப் பாத்துச் செத்தன். பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கதிரையில இருத்திப்போட்டுத்தான் சொன்னா. பழைய முடிவை நீதிமன்றம் ரத்துச் செய்திட்டுதாம். திரும்ப ஒழுங்கா விசாரிக்கட்டாம். விசா இன்னும் கையில இல்லை, எண்டாலும் அதுவரைக்கும் என்னை பிளேனில ஏத்தி அனுப்பேலாது. நான் பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு அழுதன்.

“இந்த வரியைக் கேளுங்கோ அன்ரி” எண்டு தமிழில சொன்னா. “இவருக்குச் சகோதரர் எவரும் இல்லை. முதல் விசாரணையிலும் இவர் உண்மையே சொன்னார்.”

பொய்க்காரி எண்ட பேர் போயிட்டுது. நெஞ்சு குளிர்ந்துதான் போச்சு. எண்டாலும் எனக்குத் திரும்பவும் கண் கலங்கினது.

“பிறகேன் அழுறீங்கள்?”

“ஒண்டுமில்லை பிள்ளை. அந்தச் சைக்கிள் அண்ணையை மட்டும் எனக்குச் சகோதரனா விட்டிருக்கலாம்.”