புதுத் தேதி போட்ட சரக்கு

ஜம்புலிங்கம் அண்ணன் என் கடையில் பேரம் பேசாமல் ஒரு ஆணி கூட வாங்கியதில்லை. ஆகவே அவருக்கென்று தனி விலை வைத்திருந்தேன்: உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டி. அவர் அடித்து இறக்குவார், நான் அழாக்குறையாக முகத்தை வைத்துக்கொள்வேன், இருவரும் ஜெயித்துவிட்டுப் பிரிவோம். லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே படகுத்துறை விளக்குகளை ஒன்பது வருடமாகப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் அவர். கையில் ஐந்து ஆட்கள்.

அன்று காலை கப்பலிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து பென் டிரைவ் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டோக்கன். காலாவதியானதைப் போர்ட் பிளேரில் புதுப்பித்து வாங்கவே நாலு நாள் ஆகியிருந்தது.

"மூணு மணிக்கு லைட்டு டெண்டர் க்ளோஸ் ரவி. கையெழுத்தப் போட்டு ஏத்தி விட்டுரு. இது போச்சுன்னா அஞ்சு பேரையும் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏத்த வேண்டியதுதான். அப்புறம் நான் மட்டும் இங்க யாருக்கு லைட்டு போடுறது?"

"பத்து மணிதானண்ணே ஆகுது. மொதல்ல சாயா குடிங்க."

என் ஹார்டுவேர் கடை மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர், மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் வாங்கியது. உள்ளே விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அது இலவசம் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வம்சத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. டோக்கனை அதில் வேலை செய்ய வைக்கும் டிரைவரை, போர்ட் பிளேரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஈஸ்வரன் போட்டுத் தந்திருந்தான்.

டோக்கனைச் செருகினேன். லைப்ரரி என்று ஏதோ ஒரு துணைக் கோப்பைக் காணவில்லை, அது இல்லாமல் டிரைவர் ஓடாது என்றது. அது எங்கே போனதென்று எனக்குத் தெரியும். நான்தான் துரத்தியிருந்தேன்.

இங்கே நெட்டில் பெரிதாக எதுவும் இறங்காது. அதனால் மென்பொருளும் வெங்காயம் போலக் கப்பலில்தான் வரும். போர்ட் பிளேரில் ஒருவர் இறக்கி, பென் டிரைவில் போட்டு, தெரிந்த பயணி கையில் கொடுத்தனுப்புவார். போன வாரம் என் புது பிரிண்டருக்காக ஈஸ்வரனிடமிருந்து அப்படி ஒன்று வந்தது. அதில் இரண்டு ஃபோல்டர். பழையது என் கம்ப்யூட்டருக்கு, புதியது வேறு யாருக்கோ. நான் தேதியைப் பார்த்தேன். பிஸ்கட்டோ சிமெண்டோ, புதுத் தேதி போட்டதைத்தான் எடுக்க வேண்டும் என்று வளர்ந்தவன். புதியதை எடுத்தேன். ஒத்துவராது என்று கம்ப்யூட்டர் முனகியது. சரக்கு ஏற்றும்போது லாரிக்காரன் முனகாத நாள் உண்டா? கட்டாயப்படுத்தி ஏற்றினேன். உள்ளே இருந்த பழைய லைப்ரரியைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொண்டது.

ஈஸ்வரனுக்குப் போன் போட்டேன்.

"அரே பாய், தேதி பாத்தா எடுத்த? கெட்டுப்போக அது என்ன பாலா? அந்த டிரைவருக்குப் பழைய லைப்ரரிதான் சேரும். பழைய ஃபோல்டர் இருக்குல்ல, அதுலேர்ந்து திருப்பிப் போடு."

"அத அழிச்சிட்டேன். பழைய சரக்குதானேன்னு."

"பஹுத் படியா, ரொம்ப நல்ல காரியம். இனி நெட்டுலதான் இழுக்கணும். எதையும் தொடாத. அது என்ன கேட்டாலும் எனக்குப் போன் பண்ணிட்டு பதில் சொல்லு."

இழுத்தேன். கொஞ்சம் இறங்கும், நிற்கும், முதலிலிருந்து தொடங்கும். மதியம் வரை இதே கதை.

"இந்த வேலைக்கு இன்னொரு கம்ப்யூட்டர் லாரன்ஸ் கடையிலதான் இருக்கு, அங்க பாப்போமாண்ணே?"

"பூட்டுய்யா. குடும்பத்தோட வேளாங்கண்ணி போயிருக்கான். சாவியையும் மாதாகிட்டயே குடுத்துட்டான் போல."

ஒரு மணிக்கு என் புத்தி வேலை செய்தது. கையிலிருந்த புது லைப்ரரிக்குப் பழையதின் பெயரைச் சூட்டினேன். பெயின்ட் டப்பாவில் லேபிள் மாற்றி ஒட்டிய கை இது, கூசவில்லை. திரையில் டிரைவர் ஜன்னல் திறந்தது.

"வந்துருச்சுடா!" என்று அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவர் நிமிர்வதற்குள் ஜன்னல் மூடிக்கொண்டது. பெயர் சரி, பதிப்பு வேறு என்று ஒரு வரி. என் வாடிக்கையாளர் யாரும் செய்யாததை அது செய்திருந்தது: டப்பாவைத் திறந்து பார்த்திருந்தது.

இரண்டு மணிக்கு, உடைந்ததைத் தானே சரிசெய்யும் கட்டளை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். நீளமாக ஒரு பட்டியல் போட்டு, தொடரட்டுமா என்று கேட்டது. ஈஸ்வரனுக்கு அடித்தேன். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் ஏறிவிட்டான் போல, லைன் கிடைக்கவில்லை.

"அதான் சரி பண்றேன்னு வாயத் தொறந்து கேக்குதுல்ல. சரின்னு சொல்லித் தொலையேன்" என்றார் அண்ணன்.

பட்டியலில் முதல் வரியைத்தான் படித்தேன். சரி என்றேன்.

சரிசெய்தது. ஒன்றோடொன்று சேராதவற்றையெல்லாம் வெளியே தள்ளியது. டோக்கன் டிரைவர் போனது, அதற்குத் துணையான ஜாவா போனது. பிறகு ஒரு பிழையும் இல்லை என்று காட்டியது. உண்மைதான். குறை சொல்ல உள்ளே யாரும் மிச்சமில்லை.

டெண்டர் பக்கம் மட்டும் நன்றாகத் திறந்தது. ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அண்ணன் டோக்கனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் மறுபடியும் இழுத்தேன். முதலிலிருந்து, முதலிலிருந்து. மூன்று மணிக்குச் சமர்ப்பிக்கும் பொத்தான் சாம்பல் நிறமானது.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

அப்போது அவருடைய ஆள் மத்தியாஸ் தோளில் ஏணியோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, மூணாங் கம்பத்துல ரெண்டு பல்பு அவுட்டு. ஆறு மணிக்குக் கப்பல் எடுக்கான். டெண்டர் ஹோ கயா கியா, முடிஞ்சிதா? எம் பொண்டாட்டி கிளாரா அதக் கேட்டு காலைலேர்ந்து பத்துத் தடவ போன் அடிச்சிட்டா."

"மொதல்ல பல்ப மாத்து. இருட்டுறதுக்குள்ள" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ரெண்டு பல்பு குடு ரவி" என்றார்.

எடுத்து வைத்தேன். பழக்கத்தில் வாய் விலையைச் சொல்லிவிட்டது, அவருக்கென்று கூட்டி வைத்த விலையை. வழக்கம்போல அவர் சீறுவதற்காகக் காத்திருந்தேன்.

நான் கேட்ட பணத்தை அவர் அப்படியே எடுத்து மேசைமேல் வைத்தார். பல்புகளை மத்தியாஸ் கையில் கொடுத்து, ஏணியின் ஒரு முனையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் துறையைப் பார்த்து நடந்தார்.

அவர் அடித்து இறக்குவதற்காகவே நான் கூட்டிச் சொன்ன காசு மேசைமேல் முழுசாகக் கிடந்தது.