பட்டு மெத்தை

வாலாஜாபாத் செல்லப்பிராணிக் கடையில் காசிநாதன் அதிகம் யோசிக்கவில்லை. கினிப்பன்றி நிறையத் தின்னும், வெள்ளை எலி நாறும். மகள் ஏஞ்சலுக்கு உள்ளங்கையில் அடங்கும் எலி மாதிரியான ஹாம்ஸ்டரே போதும்.

"தொல்லையே குடுக்காதுண்ணே. ஒரு ஸ்பூன் தானியம், கீழ மரத்தூள். அவ்ளோதான்," என்றான் கடைக்காரன்.

மரத்தூள் உறுத்தும் என்று நெசவாளியான காசிநாதனுக்குத் தோன்றியது. தறியில் மிஞ்சிய பட்டு இழைகளைக் கூண்டில் அள்ளிப் போட்டான்.

"மகாராணி மாதிரி படுத்துக்கினு இருக்குதுபா," என்று ஏஞ்சல் சிரித்தாள்.

மூன்றாம் நாள் மதியம், அவள் பள்ளியில் இருக்கும்போது பார்த்தால், அது தீனியைத் தொடாமல் மூலையில் கிடந்தது. பின்னங்காலில் ஓர் இழை சுற்றி இறுகிப் பாதம் கறுத்திருந்தது. இழுத்தால் பட்டு அறாது, சதையைத்தான் அறுக்கும். இருபது வருஷமாக அவன் விரல்களுக்கே தெரியும். கத்தரி நுழைய இடமில்லை.

கடைக்காரனுக்கு போன் செய்தான்.

"டாக்டராண்ட போனா காலை எடுக்கணும்பாரு. அதே மாதிரி இன்னொண்ணு இருக்குது, வந்து எடுத்துக்கினு போங்க. பாப்பாவுக்குத் தெரியவா போவுது."

ஏஞ்சல் வர இரண்டு மணி நேரம் இருந்தது. பஸ்ஸில் போய்வர அது போதும். கூண்டிலிருந்து எடுத்த ஹாம்ஸ்டர் அவன் உள்ளங்கையில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சு நிற்கும்வரை காசிநாதன் மெல்ல விரல்களை மடக்கி இறுக்கினான்.